முளைத்த இடத்தைப் பாருங்கள்

ஆலமரம் என்றாலே எத்தனை ஏக்கர், எத்தனை விழுது என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. ஹவுரா தாவரவியல் பூங்காவின் புகழ்பெற்ற ஆலுக்கு அடிமரமே கிடையாது. பூஞ்சை அரித்ததால் 1925இல் அதை வெட்டியெடுத்துவிட்டார்கள். சென்னை அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலின் தாய்மரம் 1989இல் பலத்த காற்றில் சாய்ந்தது. இரண்டும் விழுதுகளின் தயவில் நிற்கின்றன. பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் பரப்பு என்பது வயதும் இடவசதியும் சேர்ந்து கொடுப்பது. ஆல், அரசு, அத்தி, இச்சி என்று நீளும் இந்தக் குடும்பத்தை ரசிக்க வேறொரு கேள்வி இன்னும் நன்றாக உதவும்: இதன் விதை எங்கே விழுந்து முளைத்தது?

ஆலம்பழத்தைப் பிட்டுப் பாருங்கள், விதைகள் மணல் மணலாக உதிரும். இத்தனை சிறிய விதைக்குள் கன்றுக்கான கட்டுச்சோறு ஏறக்குறைய இல்லை. முளைத்ததும் வெயில் வேண்டும். காட்டுத் தரையின் இருட்டில் விழுந்தால் பிழைப்பது கடினம். பழம் தின்ற குக்குறுவானும் மைனாவும் எச்சமிடும் உயரங்களில் அந்த வெயில் கிடைக்கிறது. பனையில் மட்டை வெட்டிய அடிப்பகுதியில் தங்கும் தூசியும் மழை ஈரமும் ஆலங்கன்றுக்குப் போதும். அப்படித் தொடங்கிய மரத்தை அடையாளம் காண்பது எளிது: ஒற்றைத் தண்டாக இல்லாமல் வேர்கள் பின்னியிருக்கும், இடைவெளியில் பனையின் கறுத்த உடல் தெரியும், அண்ணாந்தால் ஆலின் தழைக்கு மேலே பனையோலை தலைநீட்டும். அரசு சுவர் விரிசலிலும் கிணற்றின் கல்லிடுக்கிலும் பிடித்துக்கொள்ளும். குன்றுகளில் பாறைப் பிளவில் நிற்பது கல்லரசு; இலை அரசிலையேதான், நுனிவால் மட்டும் குட்டை. அத்தி இவற்றோடு சேராது. ஆற்றங்கரை, ஓடைக்கரை ஈரம்தான் அதற்குச் சொந்த இடம். இலை மறைக்காத அடிமரத்திலேயே குலை குலையாகக் காய்த்து, வௌவாலுக்கும் குரங்குக்கும் கை எட்டும்படி வைத்திருக்கிறது.

நம்மூர் ஆலும் அரசும் பெரும்பாலும் மனிதர் நட்டவைதானே, அவற்றின் இடத்தில் என்ன சேதி இருக்கிறது என்று கேட்கலாம். நியாயம்தான். சாலையோர ஆல்கள் பல போத்து வைத்து வளர்த்தவை; அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதியே கிளையாகக் கொண்டுவந்து நட்டது என்கின்றன பாலி நூல்கள். ஆனால் நட்ட மரமும் பழுக்கும். குளத்தங்கரை அரசைப் பார்த்த கையோடு பக்கத்து மொட்டைமாடியின் தண்ணீர்க்குழாய் ஓரத்தையும் கவனியுங்கள்; யாரும் நடாத கன்றுகள் அங்கே இருக்கும். இடம் கொடுத்த மரத்தையே கொல்லும் மரத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்பது இன்னொரு ஆட்சேபம். பனையல்லாத மற்ற மரங்கள் விஷயத்தில் இது பெரும்பாலும் உண்மை. பருக்க இடமில்லாமல் வேர்ப்பிடியில் நெரிபடும், நிழலிலும் நலியும். பனை ஆண்டுக்காண்டு பருப்பதில்லை, அதனால் அந்தப் பிடியில் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. கோபுரத்தில் முளைத்த அரசைப் பிடுங்கத்தான் வேண்டும். அதற்காக, மண்ணே இல்லாத இடத்தில் அது பிழைத்த சாமர்த்தியத்தைப் பாராட்டக்கூடாது என்றில்லை.

இந்த மரங்கள் பெருகப் பறவை மட்டும் போதாது, குளவியும் வேண்டும். கனிந்த அத்தியைப் பிளந்தால் பறக்கும் பொடிப்பூச்சிகளைக் கண்டு பலர் பழத்தை எறிந்துவிடுகிறார்கள். உள்ளே மறைந்திருக்கும் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுவருவது அந்தச் சாதிக் குளவிதான். நுனித் துளையில் சிறகுகள் ஒடிய உள்ளே நுழைந்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. அந்தந்த மரத்துக்கு அந்தந்தக் குளவி. இச்சி மரத்தை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நிழலுக்காக நட்டபோது குளவி கூடப் போகவில்லை. மரம் வளர்ந்தது, முளைக்கும் விதை தரவில்லை. 1970களில் குளவியும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு சுவர், பாலம், பனைவகை மரங்கள் என்று கண்ட இடமெல்லாம் இச்சிக்கன்று. அதைக் களை என்று பட்டியலிட்டுவிட்டார்கள். கட்டடங்களில் முளைத்த அரசைப் பிடுங்கும் நம்மூர்ப் பொதுப்பணித் துறைக்காரர்களுக்கு அங்கே கூட்டாளிகள் உண்டு.