மலையைப் பார்த்து வகுத்த திட்டம்

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிப் பாசிமணி விற்க நரிக்குறவர் குடும்பங்கள் வந்து சேரும். கூடவே பிள்ளைகளும் வரும். பள்ளிக்கூடம் நடக்கிற நாளாயிற்றே என்றால், ஊரில் யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பார்கள். நியாயமான கேள்வி.

பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் விடுதி உதவிக்கும் இதைவிட வலுவான நியாயம் கிடையாது. பெற்றோர் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகையில் பிள்ளை ஒரே இடத்தில் தங்கி, மூன்று வேளை சாப்பிட்டுப் படிக்க வேண்டும். திருச்சி மாவட்டம் தேவராயநேரியில் நரிக்குறவர் பிள்ளைகளுக்காகவே ஓர் உறைவிடப் பள்ளி நடக்கிறது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போய் விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். 2008இல் அந்த அரசு மன்னிப்புக் கேட்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டு இங்குள்ள விடுதிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. பார்க்கட்டும். ஆனால் இங்கே விடுதியில் இடம் கேட்டு மனுவோடு நிற்பவர்கள் பெற்றோர்தான்.

இந்தக் கரைக்கு விடுதிப் படிப்பு புதிதும் அல்ல. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் ராமநாதபுரத்தில் தங்கித்தான் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். பின்னால் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் தேவைப்பட்டபோது அவருடைய அக்கா நகையை அடகு வைத்தார். அதை எல்லோரும் உருக்கமாகச் சொல்கிறோம். அடகு வைக்க நகை இல்லாத வீடுகளுக்காகத்தான் அரசு உதவியே இருக்கிறது. அந்த வீடுகளை அது எட்டுகிறதா என்று பார்த்தால் கோளாறு தெரிகிறது.

மத்திய அரசின் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 480 பிள்ளைகள் தங்கிப் படிக்கலாம். பழங்குடியினர் பாதிக்கு மேலும், குறைந்தது 20,000 பேராகவும் வாழும் ஒன்றியங்களில் இதைத் திறப்போம் என்று 2018இல் அறிவித்தார்கள். கொல்லிமலை, கல்வராயன் மலை போன்ற இடங்களுக்குப் பொருந்துகிற கணக்கு இது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பழங்குடியினர் தெருவுக்கு நாலு வீடாகச் சிதறிக் கிடக்கிறார்கள். இந்தக் கணக்குப்படி இங்கே எந்த ஒன்றியமும் தேறாது. மாநில அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் பெரும்பாலும் மலை மாவட்டங்களில்தான் இருக்கின்றன. கூட்டமாக வாழ்பவர்களுக்குப் பள்ளி வீட்டருகே வருகிறது. சிதறி வாழ்பவர்களின் பிள்ளை பஸ் ஏறிப் பல மணி நேரம் போக வேண்டும். விடுதி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

அடுத்த கோளாறு, விடுதியில் சேரக் கேட்கும் சாதிச் சான்றிதழ். மற்றவர்களுக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டால் போதும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் போட வேண்டும். விசாரணை, அப்பாவின் சான்றிதழ், தாத்தாவின் சான்றிதழ் என்று அலைச்சல் நீளும். அப்பாவே பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தால் எதைக் காட்டுவது? காட்டுநாயக்கன் என்கிற பழங்குடி மாநிலம் முழுவதற்குமான பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் சமவெளியில் இருப்பவர்களைப் பார்த்ததும் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. மதுரைக்குப் பக்கத்தில் சத்தியமூர்த்தி நகரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோர் போராடியது இந்தச் சான்றிதழுக்காகத்தான். நரிக்குறவர் கதை இன்னும் நீளம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்.

போலிச் சான்றிதழ் பெருகிவிடும் என்கிற அச்சம் பொய்யல்ல. போலிக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வருவது மருத்துவ இடத்துக்கும் அரசு வேலைக்கும். ஆறாம் வகுப்பு விடுதிக் கட்டிலுக்காக எவன் பொய்ச் சான்றிதழ் வாங்கப் போகிறான்?

நன்றாகப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, செலவை மாநில அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. சேர்ந்த பிள்ளைக்கு நல்ல காலம்தான். ஆனால் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பொறுக்கினால், சீசனுக்குச் சீசன் பள்ளியை விட்டுப் போகிற பிள்ளை அந்தப் பட்டியலில் வரவே வராது.

அரசு விடுதிகளில் சாப்பாட்டுச் செலவு நிலவரமும் பெருமைப்படும்படி இல்லை. பள்ளி விடுதி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று இருந்ததை 2023இல் 1,400 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வராது. இதில் மூன்று வேளைச் சாப்பாடு. 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயிண்ட் செலவு குறைவு. நரிக்குறவப் பிள்ளை வீட்டில் பேசும் வாக்ரிபோலி தெரிந்த காப்பாளர் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. முதல் மாதத்திலேயே பிள்ளை வீட்டுக்கு ஓடிவிட்டால், அதைப் படிப்பில் அக்கறை இல்லாத சாதி என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

இந்த உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் அதிகமாக வேண்டும். ராமநாதபுரம், பரமக்குடி என்று மாவட்டத்தில் இரண்டே கோட்டங்கள். இரண்டு கோட்டாட்சியர்களும் மே மாதத்திலேயே குடியிருப்புகளுக்கு நேரில் போய் விசாரித்துச் சான்றிதழ் கொடுத்தால், ஜூனில் பிள்ளை விடுதியில் சேர்ந்துவிடும். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புது நிதியும் வேண்டாம்.