வேலூர் எதற்கும் ஒத்திகை இல்லை

ஜூலை 10 நெருங்கினால் வேலூர்க் கோட்டையைப் பற்றிக் கட்டுரைகள் வரத் தொடங்கும். பெரும்பாலானவை ஒரே சொல்லில் போய் நிற்கும்: 1806இல் அங்கே நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி 1857 பெருங்கிளர்ச்சிக்கு ஒத்திகை. முன்னோட்டம் என்பார்கள், முதல் காட்சி என்பார்கள். ஆட்சேபித்தால் பதில் தயாராக இருக்கிறது. தேசிய வரலாற்றில் கண்டுகொள்ளப்படாமல் கிடந்த வேலூருக்கு இந்தச் சொல்தானே இடம் வாங்கித் தந்தது, அதைப் போய்க் குறை சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். வாங்கித் தந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்த்தால் அது புரியும்.

வரலாற்றில் நாடகச் சொற்களே கூடாது என்று நான் வாதாடவில்லை. சில நிகழ்ச்சிகளை ஆண்டவர்கள் நாடகமாகவே நடத்தினார்கள். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்க வைத்தார் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி பானர்மேன். பார்வையாளர்கள் இல்லாவிட்டால் அந்தத் தண்டனையின் நோக்கமே பாதி அழிந்திருக்கும். 1877, 1903, 1911 ஆண்டுகளின் தில்லி தர்பார்களை மேடை, ஒப்பனை, வேடம் என்று எழுதுவது சரியான வருணனைதான். சிதறிக் கிடக்கும் தகவல்களைக் கோத்து வாசகர் மனத்தில் நிறுத்தவும் இந்தச் சொற்கள் உதவுகின்றன. ஆனால் நம் நாளிதழ்கள் ‘படுகொலை அரங்கேறியது’ என்று எழுதும்போது கொன்றவன் யார் என்ற கேள்வி அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. ஒத்திகை என்ற சொல் அதைவிடப் பெரியதை மறைக்கிறது.

லெனின் 1920இல் எழுதியபோது 1905ஆம் ஆண்டுப் புரட்சியை 1917இன் ஒத்திகை என்றார். அங்கே அந்தச் சொல்லுக்கு ஓரளவு நியாயம் உண்டு. இடைவெளி பன்னிரண்டே ஆண்டு. நகரம் அதுவே, கட்சிகளும் அவையே. 1905இல் பீட்டர்ஸ்பர்க் சோவியத்துக்குத் தலைமை வகித்த டிராட்ஸ்கி 1917இல் மறுபடியும் அந்நகரத்துச் சோவியத்தின் தலைவரானார். முதல் முறை கற்றதை இரண்டாம் முறை பயன்படுத்தினார்கள்.

வேலூருக்கும், 1857 கிளர்ச்சி தொடங்கிய மீரட்டுக்கும் நடுவே 51 ஆண்டுகள். 1806இல் எழுந்தது சென்னைப் படை. 1857இல் எழுந்தது வங்காளப் படை. அந்த ஆண்டில் சென்னைப் படை பெரும்பாலும் அசையவில்லை. அதன் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கம்பெனிக்காக மத்திய இந்தியாவில் போரிட்டார்கள். அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரமாகப் பழிதீர்த்த நீல், சென்னையின் ஐரோப்பியப் படைப்பிரிவை வடக்கே நடத்திச் சென்றவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒத்திகை பார்த்ததாக நாம் சொல்லும் படை, நாடகம் நடந்த நாளில் எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறது. இதற்கு அந்த உருவகத்தில் இடமே இல்லை.

அங்கே தலைப்பாகை, இங்கே கொழுப்புத் தடவிய தோட்டா என்று ஒற்றுமை காட்டுவார்கள். ஒற்றுமை உண்மைதான். ஆனால் 1806இல் பட்டும் 1857இல் அதையே செய்தது கம்பெனி. சிப்பாயின் உடம்பும் நம்பிக்கையும் தன் உத்தரவுக்குள் அடங்கும் என்ற அதிகாரத் திமிர் இரண்டு முறையும் வேலை செய்தது. இது காரணத்தைப் பற்றிய பேச்சு. நாடகப் பேச்சு வந்ததும் காரணம் போய் ‘விதி’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒத்திகை என்றால் நாடகம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும், நடிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வேலூர்ச் சிப்பாய்க்கு என்ன தெரியும்? நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவு தெரியும். மே மாதத்தில் மறுத்தவர்கள் கசையடி பட்டது தெரியும். கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில் இருப்பதும், சீரங்கப்பட்டணம் விழுந்து ஏழே ஆண்டுகள் ஆனதும் தெரியும். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு ஐந்து ஆண்டுகூட முடியவில்லை. அவன் மனத்தில் இருந்திருக்கக்கூடிய ஆண்டுகள் 1799, 1801. அவன் பேரன் காலத்து ஆண்டு ஒன்றை அவன் தலையில் நாம் ஏற்றுகிறோம்.

பின்னால் வந்ததைப் பார்த்துப் பழகிய கண், அக்கம்பக்கத்தைப் பார்ப்பதில்லை. 1806இன் பிற்பாதியில் வாலாஜாபாத்திலும் ஐதராபாத்திலும் நந்திதுர்க்கத்திலும் படைக்குள் கொந்தளிப்பு இருந்தது. நவம்பரில் பாளையங்கோட்டையில் சந்தேகத்தின் பேரிலேயே இஸ்லாமியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். ஒரே ஆண்டுக்குள் தெற்கு முழுவதும் ஓடிய இந்தத் தொடர்பை விரிவாக எழுதியிருக்க வேண்டிய பக்கங்களில், ஐம்பதாண்டு தாண்டி மீரட்டுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறோம். உத்தரவு திரும்பப் பெறப்பட்டதும், ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் பதவி பறிக்கப்பட்டு லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டதும் வேலூர் ஈட்டிய விளைவுகள். முன்னோட்டம் என்று பெயர் வைத்த பிறகு இவற்றை யார் எடுத்துப் பேசுகிறார்கள்?

தெற்குக்குப் பெருமை சேர்க்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒத்திகை எந்த நாளும் நாடகத்துக்குக் கீழேதான். வேலூரை அப்படி அழைக்கும்போது உண்மையான நிகழ்ச்சி தில்லியிலும் கான்பூரிலும்தான் நடந்தது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். எந்த ஓரவஞ்சனையை எதிர்க்கப் புறப்பட்டோமோ, அதையே நம் வாயால் சொல்கிறோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. ஒத்திகையில் செத்தவர் எழுந்து வீட்டுக்குப் போவார். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பியின் ஆட்கள், அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை முடிந்து சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். விடியுமுன் படுக்கையிலேயே கொல்லப்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களும் மனிதர்கள்தான். இவர்களுடைய சாவை இன்னொரு சாவுக்குப் பயிற்சியாக்குவது எழுத்து வசதிக்காகச் செய்யும் கொடுமை.

அடுத்த ஜூலையில் வேலூரைப் பற்றி எழுதப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1857 என்ற எண்ணைத் தொடாமல் ஒரே ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். எழுதுவதற்கு 1806லேயே நிறைய இருக்கிறது.