கடிகாரத்தை எங்கே நிறுத்துவது?

தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான பதிவுகளை ஏற்றும் உத்திகள் பெரும்பாலும் ஒரே எண்ணை வைத்துப் பாராட்டப்படுகின்றன: நொடிக்கு எத்தனை பதிவு. இந்த அளவுகோலே குறையுடையது. கடைசிப் பதிவு உள்ளே போனதும் வேலை முடிந்துவிடுவதில்லை. இண்டெக்ஸ் கட்டி, கட்டுப்பாடுகளைச் சரிபார்த்து, அனலைஸ் ஓட்டி, மின்சாரம் போனாலும் தரவு நிற்கும் என்ற நிலை வந்த பிறகுதான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரும் வழிகளை அப்படி அளந்தால் தரவரிசை மாறிவிடுகிறது.

ஏற்றத்தை மெதுவாக்கும் முதல் குற்றவாளி கமிட். எஸ்கியூலைட் ஆவணம் இதை ஒளிக்காமல் சொல்கிறது: சாதாரண மேசைக்கணினியில் நொடிக்கு 50,000 இன்செர்ட் முடியும், டிரான்சாக்ஷனோ சில டஜன்தான். ஒவ்வொரு கமிட்டும் தரவு வட்டில் பதியும்வரை காத்திருப்பதே காரணம். போஸ்ட்கிரெஸிலும் கதை இதேதான். எல்லா இன்செர்ட்டையும் ஒரே டிரான்சாக்ஷனில் அடக்கினால் பாதுகாப்பு எதையும் இழக்காமல் வேகம் கிடைக்கிறது. பாதி ஏறிய அட்டவணை என்ற தொல்லையும் ஒழிகிறது.

ஒரே இன்செர்ட்டில் பல வரிசைகளைத் தருவது அடுத்த படி. சர்வருக்குப் போய்வரும் நேரம் மிச்சமாகும். ஆனால் ஒரு கட்டளைக்கு 65,535 பராமீட்டர்தான் உச்சவரம்பு. 20 புலங்கள் உள்ள அட்டவணையில் 3,276 வரிசைக்கு மேல் போகாது. நல்ல உத்திதான், ஆனால் இடைநிலை உத்தி.

காப்பி கட்டளைதான் இந்தத் துறையின் முதன்மைச் சாதனை. கட்டளையை ஒருமுறை மட்டும் அலசிவிட்டு வரிசைகளை ஓடையாக வாங்கிக்கொள்கிறது. கட்டுப்பாடுகளைத் தாண்டிக் குதிப்பதால் இந்த வேகம் என்று நினைப்பது தவறு. செக், யூனிக், டிரிகர் எல்லாம் வழக்கம்போலவே இயங்குகின்றன. குறையும் சிறியதல்ல. ஒரு வரிசை கெட்டாலும் முழு ஏற்றமும் முறியும். அதுவரை எழுதியவை வேக்கம் வரும்வரை இடத்தை அடைத்துக் கிடக்கும். 2024இல் வந்த 17ஆம் பதிப்பு பிழையான வரிசையை விட்டுவிட்டுப் போக வழி தந்தது. ஆனால் அது தரவு வகை மாற்றப் பிழைகளுக்கு மட்டுமே. யூனிக் மீறல் இன்னும் ஏற்றத்தைக் கொல்கிறது. மோதும் வரிசையைச் சமாளிக்க இன்செர்ட்டுக்கு உள்ள ஆன் கான்ஃபிளிக்ட்டும் காப்பிக்குக் கிடையாது. பாதித் தீர்வு என்றே சொல்ல வேண்டும்.

இண்டெக்ஸைக் கழற்றிவிட்டு ஏற்றும் அறிவுரை காலி அட்டவணைக்குச் சரி. பல கோடி வரிசை உள்ள இடத்தில் ஒரு லட்சம் சேர்க்க அதைச் செய்தால், மிச்சம் பிடித்த நேரத்தை மறுகட்டுமானம் விழுங்கிவிடும். யூனிக் இண்டெக்ஸைக் கழற்றினால் இரட்டைப் பதிவுகளும் நுழையும்.

தரவு வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்கை அணைக்கும் யோசனையை நேரடியாக நிராகரிக்கலாம். இயந்திரம் நின்றுபோனால் முழுத் தரவுத்தளமும் சிதையக்கூடும். சிங்க்ரனஸ் கமிட்டை அணைப்பது அத்தனை அபாயமில்லை, தரவு சிதையாது, கடைசிச் சில டிரான்சாக்ஷன்கள் மட்டும் போகலாம். ஆனால் அது மிச்சப்படுத்துவது கமிட்டின் காத்திருப்பை மட்டுமே. ஒரே கமிட்டில் ஏற்றுபவருக்கு அதனால் சொல்லத்தக்க ஆதாயமில்லை. இதை வேக உத்தியாகப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் முதல் பாடத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

மாற்றங்களை லாக்கில் எழுதாத அன்லாக்டு அட்டவணையை இறுதி இருப்பிடமாக வைத்தால் கிராஷுக்குப் பிறகு அது காலியாகிவிடும். இடைத்தங்கலாக வைத்தால் அதே குணம் தீங்கற்றது, மூலக் கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். நடைமுறை இதுதான்: புலங்களையெல்லாம் டெக்ஸ்ட் வகையாக வைத்த அன்லாக்டு அட்டவணையில் காப்பி, அங்கே எஸ்கியூஎல்லால் தூய்மை செய்தல், பிறகு ஒரே டிரான்சாக்ஷனில் ஆன் கான்ஃபிளிக்ட்டுடன் இன்செர்ட் செலக்ட், முடிவில் அனலைஸ். தரவு இருமுறை எழுதப்படுகிறது என்ற குறை உண்மையே. ஆயினும் நொடிக்கணக்கில் நேரடிக் காப்பியிடம் தோற்கும் இந்த முறையே, கெட்ட வரிசைகள் வரக்கூடிய தரவுக்கு முதலிடம் பெறுகிறது. ஏற்கெனவே சுத்தமான தரவு, காலி அட்டவணை என்றால் மட்டும் நேரடிக் காப்பி போதும்.