பொதுநிலமும் சொற்பொருளும்: வின்ஸ்டன்லி, ஸ்பென்ஸ் குறுநூல்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்கள்

நிலம் அனைவர்க்கும் பொது என வாதிட்ட ஆங்கிலக் குறுநூல்கள் பெரும்பாலும் அரசியல் சிந்தனை வரலாற்றின் சான்றுகளாகவே படிக்கப்படுகின்றன. அவை நிலத்தைப் பற்றிய வழக்குகளாக இருப்பதோடு சொற்களைப் பற்றிய வழக்குகளாகவும் உள்ளன என்பது, அவற்றை மொழிபெயர்க்கப் புகும்போதுதான் தெளிவாகப் புலப்படுகிறது.

1641இல் நட்சத்திர மன்றம் எனப்பட்ட அரச நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் இங்கிலாந்தில் அச்சகங்களின்மீதிருந்த பிடி தளர்ந்தது. இலண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை திரட்டிய வெளியீடுகள் மட்டும் இருபத்திரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. இப்பெருக்கில் வந்தவையே ஜெரார்டு வின்ஸ்டன்லியின் நூல்களும். விகனில் 1609இல் பிறந்து, இலண்டனில் துணி வணிகம் செய்து, 1643இல் நொடித்துப்போய், சரே வட்டாரத்துக் காபம் ஊரில் மாடு மேய்த்துப் பிழைத்தவர் அவர். மன்னர் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்ட இரண்டு திங்களில், 1649 ஏப்ரலில், அவரும் ஏழைகள் சிலரும் புனித ஜார்ஜ் குன்றில் பொதுநிலத்தைக் கொத்திப் பயிரிட்டனர். 1650 ஏப்ரலுக்குள் அவர்கள் முற்றிலும் விரட்டப்பட்டனர். எஞ்சியவை நூல்களே.

வின்ஸ்டன்லியின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று மொழியியலார்க்குத் தனிச்சிறப்புடையது. நார்மானிய வில்லியம் நிலத்தைக் கைப்பற்றியதோடு சட்டத்தையும் மக்கள் அறியாத மொழியில் பூட்டிவிட்டான் என்பது அது. இக்குறை அக்காலத்தில் வேறு பலராலும் எழுப்பப்பட்டது. சட்ட நூல்களும் வழக்கு நடவடிக்கைகளும் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும் என நாடாளுமன்றம் 1650இல் விதித்தது. 1660இல் முடியாட்சி மீண்டதும் அவ்விதி வீழ்ந்தது. 1731ஆம் ஆண்டுச் சட்டம் 1733இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அது நிலைபெற்றது. ஆகவே, இந்நூல்களின் எளிய நடையைக் கல்விக் குறைவாகக் கொள்ளலாகாது. யாவரும் அறியும் மொழியில் எழுதுவது அவ்வாதத்தின் ஒரு பகுதி. இதனைக் கடுந்தமிழில் பெயர்ப்பவர் வில்லியத்தின் பக்கம் நிற்பவராவார்.

இனி, தலைமைச் சொல்லாகிய 'காமன்' பற்றி. ஒலிபெயர்ப்பில் விட்டால் மன்மதனே முன்வந்து நிற்பான்; மொழிபெயர்த்தே ஆகவேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் 'காமன்' எனும் நிலம் எல்லார்க்கும் உடைமையானதன்று. உடைமை பண்ணைத் தலைவனுடையது. மேய்ச்சல், விறகு, எரிகரி போன்றவற்றைக் கொள்ளும் உரிமை மட்டுமே ஊரார் சிலருக்கு உண்டு. 'புறம்போக்கு' எனப் பெயர்த்தால் பொருள் திரியும். அது வரித்தீர்வைக்குப் புறம்பான நிலத்தைக் குறிக்கும் வருவாய்த் துறைச் சொல். அங்கு உடைமை அரசினுடையது. மேலும் அது இன்று வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. 'மேய்ச்சல் தரை' என்றால் பயன் விளங்கும், உரிமை விளங்காது. 'ஊர்ப் பொதுநிலம்' என்பதே ஓரளவு பொருந்துவது. பொதுநிலத்தின்மீது ஏழைகளுக்கு இருந்த பயன்கொள்ளும் உரிமையை நிலம் முழுவதன்மீதும் மாந்தர் யாவர்க்கும் உள்ள உரிமையாக விரித்ததே வின்ஸ்டன்லி செய்த புதுமை. 'பொது' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களிலும் நின்றால்தான் இவ்விரிவு தமிழில் கேட்கும்.

1649 மே திங்களில் இங்கிலாந்து தன்னைக் 'காமன்வெல்த்' என அறிவித்துக்கொண்டது. அப்பெயருக்கேற்ப ஆட்சி நடக்கட்டும் என்பதே வின்ஸ்டன்லியின் கோரிக்கை. வரலாற்று நூல்களைப் பின்பற்றி இதனைக் 'குடியரசு' என்று எழுதிவிட்டால் வாதத்தின் கண்ணி அறுந்துபோகும். 'பொதுவள அரசு' செவிக்குப் புதிதாயினும் கண்ணியைக் காக்கிறது.

பூமியை அவர் 'காமன் டிரெஷரி' என்கிறார். 'பொதுவுடைமை' என்பது கைக்கு எளிதாக வரும் சொல், ஏற்கத்தக்கதன்று. இருபதாம் நூற்றாண்டின் இயக்கங்கள் அச்சொல்லைத் தமக்கெனப் பதிவு செய்துகொண்டன. வின்ஸ்டன்லியை அவ்வியக்கங்களின் முன்னோடியாகக் கொண்டாடிய மரபும் உண்டு. 1918இல் மாஸ்கோவின் அலெக்சாந்தர் தோட்டத்துத் தூணில் புரட்சிச் சிந்தனையாளர் வரிசையில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. 2013இல் அது நீக்கப்பட்டது. இவ்வேற்றத்தையும் இறக்கத்தையும் மொழிபெயர்ப்புக்குள் நுழைப்பது, 1649இல் பேசியவரின் வாயில் பிறர் சொல்லைத் திணிப்பதாகும். 'கருவூலம்' அரசு அலுவலகத்தை நினைவூட்டுகிறது. 'பொதுக் களஞ்சியம்' என்பதற்கே முதலிடம் தரலாம். பணம் என்னும் பொருள் அதில் நழுவுகிறது. ஆனால் வாங்குதலும் விற்றலுமே ஒழியவேண்டும் என்றவர்க்கு அது இழப்பன்று. 1652இல் வெளியிட்ட 'விடுதலையின் சட்டம்' நூலில், விளைச்சலைக் கொண்டுவந்து சேர்த்து வேண்டியதைப் பெற்றுச் செல்லும் பண்டகசாலைகளை அவர் திட்டமிடுகிறார். மூன்றாண்டுகளுக்கு முந்திய உருவகம் அங்கு நேர்ப்பொருளாகிவிடுகிறது. 'களஞ்சியம்' இரண்டையும் தாங்கும்.

இதே இடர் 'ரீசன்' என்னும் சொல்லிலும் உண்டு. கடவுள் என்ற சொல்லால் மக்கள் இருளில் வைக்கப்பட்டனர் எனக் கருதிய வின்ஸ்டன்லி, படைத்தவனுக்கே 'ரீசன்' எனப் பெயரிட்டார். அகராதி தரும் 'பகுத்தறிவு', தமிழில் கடவுள் மறுப்போடு பிணைந்துவிட்ட சொல். அதனைக் கையாண்டால், பெயரை மாற்றிக் கடவுளை வைத்துக்கொண்டவர், கடவுளையே விலக்கியவராகத் தோன்றுவார். இறைவனை 'வாலறிவன்' எனச் சுட்டும் குறள் மரபு இங்குக் கைகொடுக்கும். 'பேரறிவு' என்றே பெயர்க்கலாம்.

உறவுச்சொல்லில் தமிழுக்கு எதிர்பாராத ஆக்கம் கிட்டுகிறது. உடையவரை மூத்த சகோதரன் என்றும் இல்லாதவரை இளைய சகோதரன் என்றும் விவிலிய வழியில் அவர் உருவகிக்கிறார். ஆங்கிலம் அடைமொழி சேர்த்துச் சொல்வதை 'அண்ணன்', 'தம்பி' எனத் தமிழ் ஒரு சொல்லில் முடிக்கிறது. 'பங்காளி' என்பதிலோ உறவும் நிலப்பங்கும் ஒருங்கே உள்ளன. எனினும், மூத்த மகனுக்கே நிலம் என்ற ஆங்கில வழக்கத்தை முன்னுரையில் விளக்காவிடில், பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்ளும் முறையில் பழகிய வாசகருக்குத் தம்பியின் வெறுங்கை புரியாது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் நியூகாசிலில் தோன்றிய தாமஸ் ஸ்பென்ஸ் வேறுவகைச் சிக்கலைத் தருகிறார். அந்நகரின் பொதுவெளியான 'டவுன் மூர்' பற்றிய வழக்கில் நகரவுரிமையாளர் வென்ற சூழலில், 1775 நவம்பரில் அங்குள்ள தத்துவச் சங்கத்தில் நிலவுரிமை பற்றி உரையாற்றினார். அதனை அச்சிட்டு விற்றதற்காகச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே, நாற்பது எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கில் ஒலிப்பு காட்டும் ஆங்கில அகராதி ஒன்றையும் வெளியிட்டார். இரண்டும் ஒரே முயற்சியின் இரு கிளைகள் எனலாம்: ஒன்று நிலத்தின் வேலியையும் மற்றொன்று எழுத்தின் வேலியையும் பிடுங்குவது. 1801இல் நூல் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்ட அவர், தம் விசாரணை வரலாற்றை 1803இல் அவ்வெழுத்துமுறையிலேயே அச்சிட்டார்.

இத்தகைய பக்கங்களைக் கண்ட மொழிபெயர்ப்பாளர் பேச்சுத் தமிழை நாடக்கூடும். அது பிழை. ஸ்பென்ஸ் வட்டார வழக்கை எழுத்தில் பதிவு செய்யவில்லை. பேச்சைக் கொண்டு ஏழையை இகழ இயலாதவாறு, மதிப்புடைய ஒலிப்பை அவனும் கற்க வழி செய்தார். அந்நோக்கைப் பேச்சு நடை தலைகீழாக்கிவிடும். செந்தர நடையில் பெயர்த்து, மூலத்தின் ஒரு பக்கத்தைப் படமாக அச்சிடுவதே நேரிய வழி.

அவருடைய திட்டப்படி நிலம் 'பாரிஷ்' எனும் ஊரமைப்புக்கு உரியது. குத்தகைத் தொகையில் பொதுச்செலவு போக எஞ்சியதை அனைவரும் சமமாகப் பெறுவர். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'பாரிஷ்' என்பது 'பங்கு'. பங்கே பங்கு தருகிறது என்று எழுதும் ஆசை இயல்பு. ஆனால் அந்தச் சிலேடை ஸ்பென்சுடையதன்று. அவர் கருதியது கோவில் எல்லையையன்று, ஏழைவரி திரட்டி நிருவாகம் நடத்திய அமைப்பையே. அதற்கு 'ஊர்' போதும்.