உலாவியின் நீட்சிகள்: உதவியும் சுமையும்

திண்டுக்கல் போன்ற ஊர்களின் கணிப்பொறி மையங்களில் இணையம் மந்தமானால் நாம் சொல்லும் காரணங்கள் மூன்று: இணைப்பு சரியில்லை, கணிப்பொறி பழையது, அந்த இணையதளமே மோசம். உலாவியில் நாமே சேர்த்து வைத்த நீட்சிகளை எவரும் சந்தேகிப்பதில்லை. நீட்சி என்பது உலாவிக்குப் புதிய திறனைத் தரும் ஒரு சிறு நிரல். அதன் பயனை நாம் அறிவோம். அதற்காக நாம் கொடுக்கும் விலை என்ன?

தமிழ் அடைந்த பயன்

பயர்பாக்ஸ் உலாவியின் முதல் பதிப்பு 2004 நவம்பரில் வெளிவந்தது. அக்காலத்தில் பல தமிழ்த் தளங்கள் தத்தமக்கென ஒரு குறியாக்கத்தைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தெரியும். ‘பத்மா’ என்னும் நீட்சி இந்திய மொழிகள் பலவற்றின் பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. ‘தமிழ்விசை’ என்னும் நீட்சியோ, தனி மென்பொருளை நிறுவாமலே உலாவிக்குள் தமிழில் தட்டச்சு செய்ய வழி செய்தது. தமிழுக்கு இவை ஆற்றிய தொண்டு சிறிதன்று.

கோளாறு பிறப்பது எங்கே?

அன்றைய பயர்பாக்ஸில் நீட்சிகள் உலாவியின் உள்ளேயே, உலாவிக்குரிய அதே அதிகாரத்துடன் இயங்கின. ஒரு நீட்சி முடங்கினால் உலாவி முழுவதுமே முடங்கியது.

வேகக் குறைவுக்குக் காரணம் வேறு. பக்கத்தை அடுக்குதல், விசை அழுத்தத்தைக் கவனித்தல், பக்கத்தின் நிரலை இயக்குதல் ஆகிய வேலைகளை உலாவி பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செய்கிறது. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லி விநாடியே. பக்கத்தின் எழுத்துகளை எல்லாம் மாற்ற ஒரு நீட்சி 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், திரை 12 முறை புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். நமக்கு அது தடுமாற்றமாகத் தெரிகிறது.

நினைவகச் சுமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் ‘ஆட்பிளாக் பிளஸ்’, பக்கத்துக்குள் பக்கமாக அமையும் ஒவ்வொரு சட்டத்துக்கும் சுமார் 4 மெகாபைட் நினைவகத்தைக் கூடுதலாகச் செலவழித்ததை 2014இல் பயர்பாக்ஸ் பொறியாளர் ஒருவர் எடுத்துக்காட்டினார். ஒரே விதித் தொகுப்பு ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியே படியெடுக்கப்பட்டதே காரணம். நீட்சியை எழுதியவர் மட்டுமின்றி, உலாவியின் அமைப்பும் இதில் பொறுப்பாளியே. 2015இல் வந்த பயர்பாக்ஸ் 41இல் அத்தொகுப்பு பகிர்ந்து பயன்படுத்தப்பட்டதால் இக்குறை தீர்ந்தது.

2017ஆம் ஆண்டின் மாற்றம்

2016 ஆகஸ்டில் வந்த பயர்பாக்ஸ் 48, உலாவியின் வேலைகளைத் தனித்தனிச் செயல்களாகப் பிரிக்கத் தொடங்கியது. முதலில் நீட்சி எதுவும் வைத்திராதவர்களுக்கே இவ்வசதி தரப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பழைய நீட்சிகள் அந்த அளவுக்குத் தடையாக இருந்தன. பின்னர், 2017 நவம்பர் 14 அன்று வெளியான பயர்பாக்ஸ் 57, பழைய முறை நீட்சிகளை அடியோடு கைவிட்டது.

நிலைத்தன்மையை நோக்கின் இம்முடிவு சரியானதே. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் யார்? பெரிய நிறுவனங்கள் தம் நீட்சிகளைப் புதிதாக எழுதிக்கொண்டன. ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் எழுதப்பட்ட சிறு மொழிக் கருவிகளுக்கு அந்த வசதி இல்லை. பத்மா, தமிழ்விசை ஆகியவற்றின் பழைய பதிப்புகள் புதிய உலாவியில் ஓடவில்லை. புதிய முறையில் எழுதினாலும் நீட்சி இணையப் பக்கங்களுக்குள் மட்டுமே விசைகளைக் கவனிக்க முடியும். முகவரிப் பட்டையில் நாம் அடிப்பதைத் தமிழாக மாற்ற அதற்கு வழியில்லை. மொழி உள்ளீட்டுக்கெனக் குறுகிய, பாதுகாப்பான ஒரு வாயிலையேனும் விட்டிருக்கலாம். அதைச் செய்யாதது குறையே.

இன்றும் தீராத குறை

புதிய முறையும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. குரோம் உலாவியில் ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு நீட்சியும் எடுத்துக்கொள்ளும் நினைவகம் தெரியும். ஆனால் நீட்சி பக்கத்துக்குள் புகுத்தும் நிரலின் செலவு, அந்தப் பக்கத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. அதனால்தான் குற்றம் செய்தது நீட்சியாக இருக்க, பழி இணையதளத்தின் மேல் விழுகிறது. இக்கணக்கைப் பிரித்துக் காட்டுவது உலாவி செய்வோரின் கடமை.

பயனாளிக்கும் கடமை உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை வாங்குகிறவர் சாவி எத்தனை, யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பார். “எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்” அனுமதி கேட்கும் நீட்சிக்கோ, படிக்காமலே சம்மதம் தந்துவிடுகிறோம். அந்த அனுமதி இருந்தால் நீட்சி நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடலாம். நாம் அழுத்தும்போது மட்டும் இயங்கும்படி அமைந்த நீட்சியே சிறந்தது.

உலாவி தடுமாறினால் எல்லா நீட்சிகளையும் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். குற்றவாளி எது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒரு நீட்சி என்ன உதவி செய்கிறது என்பதோடு, அது எங்கே ஓடுகிறது, எத்தனை முறை ஓடுகிறது என்றும் கேட்டறிந்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.