எம்.டி.எஸ். முடித்தவர் கடையநல்லூருக்கு என்ன செய்வார்?

பல் மருத்துவத்தில் பி.டி.எஸ். நான்கு வருடம், பயிற்சி ஒரு வருடம், அதற்கு மேல் முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ். மூன்று வருடம். நடுவில் நீட் எம்.டி.எஸ். தேர்வுக்கென்று ஓரிரு வருடம் போய்விட்டால், நிலையான வருமானம் பார்க்கும்போது முப்பதை நெருங்கிவிடுவார்கள். வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர்க் குடும்பங்களுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

ஆனாலும் அந்த மூன்று வருடமும் வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்கள் மூன்றுதான். ஆனால் கன்னப்புறத்து முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் இருக்கும். இரண்டாவது மயிரிழை அளவில், சுண்ணம் படிந்து, கண்ணுக்குத் தட்டுப்படாமல் கிடக்கும். அதைத் தேடாமல் மூன்றை மட்டும் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் உள்ளே கிருமி தங்கிவிடும். கேப் போட்ட பல் கொஞ்ச காலம் கழித்து மறுபடி வலிக்க ஆரம்பிக்கும். "ரூட் கெனால் பண்ணியும் பிரயோஜனமில்லை, பிடுங்கிடுங்க டாக்டர்" என்று நோயாளி வந்து நிற்பார். நுண்ணோக்கியில் பார்த்து, மெல்லச் சுரண்டி, அந்தக் கால்வாயின் வாயைத் திறக்கும் கைப்பழக்கம், வேர்ச் சிகிச்சைக்கான எண்டோ துறையில் தினம் தினம் அதையே செய்தவருக்கு வருகிறது. பல்வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோ துறை மாணவர்கள் முதல் சில மாதங்கள் இடுக்கியும் கையுமாகக் கம்பி வளைத்துக்கொண்டே இருப்பதும் இதற்காகத்தான். பி.டி.எஸ்.ஸில் இந்த அளவுக்கு உட்கார நேரம் இல்லை.

குறை, துறையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது. எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது துறைகள் உண்டு. கூட்டம் முழுக்க ஆர்த்தோ, எண்டோ, வாய் முக அறுவை ஆகியவற்றின் பக்கம் போகிறது. வாய்நோய்களைச் சோதித்துக் கண்டறியும் ஓரல் பெத்தாலஜியிலும் சமூகப் பல் மருத்துவத்திலும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அப்படித் தேர்ந்தெடுக்கும் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசுப் பணியில் பல் உதவி மருத்துவராகச் சேர பி.டி.எஸ். போதும், கூடுதலாகப் படித்ததற்கென்று அங்கே தனி இருக்கை பெரும்பாலும் கிடையாது. கல்லூரியில் பாடம் எடுக்க எம்.டி.எஸ். வேண்டும், ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் இருக்காது. மிச்சம் இருப்பது சொந்த கிளினிக், அல்லது கன்சல்டன்ட் வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திங்கள் தென்காசி, புதன் கடையநல்லூர், சனி சங்கரன்கோவில் என்று கிளினிக் கிளினிக்காகப் போகலாம். இந்த ஏற்பாட்டால் சிறிய ஊர்களுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிறது என்பது உண்மை. பல்லுக்குக் கம்பி போட ஒரு காலத்தில் நெல்லைக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருந்தது. ஆனால் இப்படி வந்து சேர்வது காசு கொடுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைகள் மட்டும்தான்.

இந்தப் பக்கத்துக்கு அவசரமாக வேண்டியது வேறு. உலகத்தில் வாய்ப் புற்றுநோய் மிகுந்த நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. புகையிலைதான் முதல் காரணம். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இல் தடை வந்தது, மெல்லும் பழக்கம் இன்னும் விடவில்லை. முதலில் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு வரும். வலி இருக்காது, அதனால் யாரும் காட்டுவதில்லை. வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு விரல்கூட நுழையாத நிலையில்தான் நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அந்தத் திட்டை முதலிலேயே பார்த்துச் சந்தேகப்படுபவரும், சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்துச் சொல்பவரும், பீடி சுற்றும் தெருக்களுக்கே போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவரும் காலியாகக் கிடக்கும் அந்தத் துறைகளில்தான் உருவாக வேண்டும்.

இடங்கள் நிரம்பாத வருடங்களில் அரசு செய்வது நீட் எம்.டி.எஸ். தேர்வின் தகுதி வரம்பைக் குறைப்பதுதான். கல்லூரிக்குக் கட்டணம் வருகிறது. படித்தவருக்கு வேலை வருவதில்லை. தாலுகா மருத்துவமனைகளில் வாய்நோய் நிபுணருக்கு ஒரு பணியிடம், மாவட்டத்துக்கு ஒரு சமூகப் பல் மருத்துவர் என்று உருவாக்கட்டும். கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி துணிந்து ஓரல் பெத்தாலஜியை எடுப்பாள். வீட்டிலும் மறுக்க மாட்டார்கள்.