தலையில் பற்றவைக்கும் அடுப்பு

அடுப்புக்கு அடியில் தீ வைத்தே பழகிய கை அம்மாவுடையது. இந்தப் புது அடுப்பில் விறகின் தலையில் பற்றவைக்க வேண்டும் என்றதும் அவர் நம்பவில்லை. "மேல வெச்சா கீழ எப்படிக் கண்ணு எரியும்?" என்றார். உருளைக்குள் விரல் நீளச் சவுக்குத் துண்டுகளை நிரப்பி, மேலே கொஞ்சம் பன்னாடையும் ஒரு கற்பூரமும் வைத்துக் கொளுத்தி, விசிறியைத் திருகினேன். இரண்டு நிமிடம் வெண்புகை வந்தது. பிறகு விளிம்பைச் சுற்றியிருந்த துளைகள் ஒவ்வொன்றின் வாயிலும் தனித்தனியாகச் சுடர் பிடித்துக்கொள்ள, புகை நின்றுபோனது. அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டரை மாதமாக இந்த அடுப்பு எங்கள் பொள்ளாச்சி வீட்டில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு உருளை, ஓரடிக்குச் சற்றுக் கூடுதல் உயரம், எடை 5 கிலோ. அடியில் ஒரு சின்ன விசிறி. கைப்பேசி சார்ஜரிலேயே ஏறும் பேட்டரி. விலை 4,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

மேலே வைத்த தீ கங்குப் படலமாக மெல்லக் கீழே இறங்கும். அந்தச் சூட்டில் அடியில் உள்ள விறகு வாயுவாகப் பிரிந்து மேலே வரும். கீழிருந்து கொஞ்சமாகத்தான் காற்று நுழைகிறது. பெரும்பகுதியை விசிறி விளிம்புத் துளைகள் வழியாகத் தள்ளுகிறது. அங்கே காற்றோடு கலந்து அந்த வாயு எரிந்துவிடுகிறது. மண் அடுப்பில் எரியாமல் தப்பி, நம் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வந்து சேர்வது இதுதான். அமெரிக்கரான டாமஸ் ரீட் 1980களில் கையில் எடுத்த இந்த யோசனையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முகுந்தாவின் குழு விசிறி அடுப்பாக வளர்த்தெடுத்தது.

முதல் சோதனை வெந்நீர். 5 லிட்டர் தண்ணீர் 19 நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. செலவான விறகு 285 கிராம். அதே தண்ணீருக்குப் பின்கட்டில் இருக்கும் மண் அடுப்பு 700 கிராம் தின்றது. கணக்குப் போட்டால், புது அடுப்பில் விறகில் இருந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போயிருக்கிறது. விசிறி அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் கேட்பது 35 சதவீதம். சமையலறைத் தராசில் எடுத்த அளவுக்கு இது மிக நல்ல எண்.

சமைக்கும்போதுதான் குறைகள் தெரிந்தன. இட்லிக்கும் சோற்றுக்கும் இது சொன்னபடி கேட்கிறது. பாலுக்குக் கேட்காது. பொங்கி வரும்போது திருகியைக் குறைத்தாலும் சுடர் இறங்க அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் பால் வழிந்துவிடுகிறது. தோசை நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் நிற்கிறது. ராகிக் களி கிண்டியபோது உருளை ஆடியது. அம்மா துடுப்பைப் பிடிக்க, நான் துணியால் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரானைட் மேடையில் வைத்தால் பானையின் வாய் அம்மாவின் தோள் உயரத்துக்கு வந்துவிடுகிறது, உள்ளே என்ன வேகிறது என்று எட்டிப்பார்க்க முடியாது. மேடை உள்ள வீட்டுக்கு அடுப்பு செய்கிறவர் அந்த மேடையை ஒருமுறை அளந்திருக்க வேண்டும். ஒருநாள் பேட்டரி பாதியில் தீர்ந்தது. விசிறி நின்ற நொடியில் எரியாத வாயு முழுக்கப் புகையாகி வீட்டை நிறைத்தது. சார்ஜ் குறைவதை முன்கூட்டியே காட்ட இதில் ஒரு விளக்குகூட இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்தியது கடைசிப் பத்து நிமிடம். வாயு தீர்ந்ததும் உருளையில் மிஞ்சுவது கரி. அது கனியும்போது புகையே இருக்காது. அழகாகச் சிவந்து கிடக்கும். கார்பன் மோனாக்சைடு அளவி ஒன்றை வாங்கி மேடை அருகே மாட்டியிருந்தேன். சுடர் எரியும்போது 6 முதல் 8 பிபிஎம் காட்டியது, ஜன்னலைச் சாத்தியிருந்த ஒரு நாள், கரி கனிந்த நேரத்தில் 40ஐத் தாண்டியது. ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு ஏறத்தாழ 30. இந்த வாயுவுக்கு மணமும் இல்லை, கண்ணும் எரியாது. புகை இல்லையே என்று நம்பி ஏசி அறையை ஒட்டிய சமையலறையில் இதை வைத்துவிடாதீர்கள். சுடர் அடங்கியதும் உருளையை வெளியே எடுத்துப்போய் மூடி போட்டு அணைக்கிற வசதி வேண்டும். இந்த அடுப்பில் உருளை கழன்று வராது. சூட்டோடு மொத்த அடுப்பையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அடுத்தது விறகு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குத் தரும் வெப்பத்தை இந்த அடுப்பில் பெற 70 முதல் 80 கிலோ காய்ந்த விறகு வேண்டும். அத்தனையையும் விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஈரம் இருந்தால் புகையும். தேங்காய்த் தொட்டியை உடைத்துப் போட்டேன். எண்ணெய்ப் பசையால் சுடர் பானைக்கு மேலே எழும்பிக் கரி அப்பியது. கடலைத் தோலை அப்படியே கொட்டினால் காற்று ஏறவில்லை. அரிவாளோடு உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான சவுக்கை வெட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போயிற்று. அந்த வேலை எந்த வீட்டிலும் யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெங்களூருக் கழகமும் பிபி எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 2006 வாக்கில் கொண்டுவந்த 'ஊர்ஜா' இதே இடத்தில்தான் இடறியது. அடுப்பு நன்றாக எரிந்தது. சுமார் 4 லட்சம் விற்றது. அதற்கென்று செய்த பெல்லட் என்னும் அழுத்திய எரிதுண்டுகளின் விலை ஏறியதும் வீடுகள் கைவிட்டன. அதற்கு முன்னால், 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 3 கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கொடுத்துவிட்டு 2002இல் முடிந்தது. அதற்கும் முன்னால், காந்தியப் பொருளியலாளர் குமரப்பா வழிநடத்திய வார்தா கிராமக் கைத்தொழில் சங்கத்தில் 1947லேயே 'மகன் சூலா' என்ற மேம்பட்ட அடுப்பு உருவானது. முக்கால் நூற்றாண்டாகக் கெட்டிக்காரர்கள் இதற்கு உழைத்திருக்கிறார்கள். ஆனாலும் விறகுப் புகையும் அது போன்ற வீட்டுக் காற்று மாசும் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் இந்த அடுப்பின் குறைகளை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கழற்றி எடுக்கும்படி இரண்டு உருளை, அகலமான கால், சார்ஜ் காட்டும் விளக்கு, கூடவே கடையில் மூட்டையாகக் கிடைக்கும் வெட்டிய விறகு. இவை வந்தால் மேடை மீது ஏற்றலாம்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் இப்போது வாங்க வேண்டாம். பின்கட்டோ திறந்த தாழ்வாரமோ, கூடவே தோப்பு விறகும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். எங்கள் வீட்டில் இது பின்கட்டுக்குப் போய்விட்டது; காலையில் இட்லிக் குண்டாவும் அதன்பின் வெந்நீரும் ஏறுகின்றன. ஒரு முறை நிரப்பினால் 700 கிராம் பிடிக்கும், முக்கால் மணி நேரம் நிற்கும். வழக்கமாக 40 நாள் வரும் சிலிண்டர் இந்தத் தடவை 52 நாள் வந்தது. மிஞ்சும் கரியை மூடியுள்ள தகர டப்பாவில் அணைத்துச் சேர்த்து வைக்கிறோம். தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் வாரம் ஒருமுறை வந்து வாங்கிப் போகிறார்.